மார்க் மட்டும் போதுமா?

1909-ஆம் ஆண்டு.

காரைக்காலை அடுத்த நிரவிக்குப் புதிதாக ஒரு தமிழ் ஆசிரியர் வந்தார். அவருக்கு வயது 18. மாணவர்களுக்கு அண்ணன் போல இருந்திருப்பார்.

அவர் பெயர் கனக சுப்புரத்தினம். புதுச்சேரிக்காரர். தமிழ்ப் புலமைப் பரீட்சையில் முதலாவதாகத் தேறியவர். அந்தப் பரீட்சைதான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

பிற்காலத்தில் பாவேந்தர் பாரதிதாசன் என்று தமிழ்நாடு கொண்டாடியது இவரைத்தான்!

அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி நடந்தபோது, அந்த நாட்டு மக்கள் ஒரு பிரகடனம் செய்தார்கள். சர்க்கார் உத்தியோகம் பிறப்பைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது, திறமையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ராஜா வீட்டுப் பிள்ளை என்பதற்காக ராஜாங்க வேலை கிடையாது. படித்தவன் மேலே வரலாம்.

நல்ல கொள்கைதானே? சந்தேகம் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுப்புரத்தினத்தின் தந்தை வணிகர். சிறு வயதிலேயே புலவர்களிடம் தமிழ் கற்க மகனுக்கு வழி இருந்தது. அதே காலத்தில் நிரவியில் மாடு மேய்த்த ஒரு பையனுக்கு அந்தப் பரீட்சை எங்கே நடக்கிறது என்றாவது தெரிந்திருக்குமா?

பரீட்சை எல்லோருக்கும் பொதுதான். அதற்குப் போகும் பாதைதான் பொதுவாக இல்லை.

கோயிலும் பள்ளிக்கூடமும்

இன்றைய கோவில்பத்துக்கு வருவோம்.

காரைக்கால் நகரத்தின் ஒரு பகுதி இது. பார்வதீசுவரர் கோயில் இருப்பதால் வெளியூர்க்காரர்களும் அறிந்த இடம். தேவாரப் பாடல் பெற்ற தலம். திருத்தெளிச்சேரி என்பது பழைய பெயர். சிவபெருமானே உழவனாக வந்து வயலில் விதை தெளித்தார், அதனால் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

இதே கோவில்பத்தில்தான் தந்தை பெரியார் அரசு மேல்நிலைப் பள்ளியும் இருக்கிறது. கோயில் இருக்கும் ஊரில் பெரியார் பெயரில் பள்ளிக்கூடம்! நம் ஊர்களில் இதெல்லாம் சகஜம்.

'தகுதி, திறமை' என்ற பேச்சை வாழ்நாள் முழுவதும் சந்தேகத்தோடு பார்த்தவர் பெரியார். 1925-ல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை ஏற்கவில்லை என்பதால்தான் அவர் காங்கிரசை விட்டே வெளியேறினார். படிக்கவே விடாமல் வைத்திருந்த ஒருவனைப் பார்த்து, 'உனக்குத் தகுதி இல்லை' என்று சொல்வது என்ன நியாயம் என்பது அவர் வாதம்.

அந்த வாதம் இன்றும் முடியவில்லை. காரைக்காலில் அது வேறு வடிவத்தில் வந்திருக்கிறது.

டாக்டர் கனவு

காரைக்காலில் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை இருக்கிறது. 2016-ல் தொடங்கியது. இங்குள்ள பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு மாணவர்களைத் தினமும் பார்க்கிறார்கள். நாமும் அப்படி ஆக மாட்டோமா என்று ஆசை வராதா?

ஆசைக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு பரீட்சை நிற்கிறது. அதுதான் நீட். 720 மார்க். சரியான விடைக்கு 4 மார்க் உண்டு. தவறாக எழுதினால் 1 மார்க் போய்விடும். பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள். தமிழிலும் எழுதலாம்.

இதைவிட நியாயம் என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. பணத்தைக் கொட்டி மருத்துவ இடம் வாங்கிய கதைகளை நாடு நிறையப் பார்த்திருக்கிறது. சிபாரிசுக் கடிதத்தைவிட, பணப்பெட்டியைவிட, பரீட்சை மேல்தான்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் 500 மார்க். ஒரு பிள்ளை இரண்டு வருஷம் பயிற்சி நிலையத்தில் தங்கிப் படித்தது. பெற்றோர் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டினார்கள். இன்னொரு பிள்ளையின் தாய் மீன் கூடை சுமக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தண்ணீர் எடுக்க வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

இரண்டு 500-ம் ஒன்றுதானா?

விடைத்தாள் திருத்தும் இயந்திரத்துக்கு ஒன்றுதான். மார்க் சொல்வது, பிள்ளை எங்கே வந்து சேர்ந்தது என்பதை. எங்கிருந்து புறப்பட்டது என்று அது சொல்லாது.

நானும் மார்க் வாங்கிக் கல்லூரிக்குப் போனவன்தான். என் உழைப்பால் வந்தது என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் மேசை விளக்கு இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுக்க அப்பா இருந்தார் என்பதெல்லாம் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கப்பல் ஏறினால்தான் பரீட்சை!

இந்த வேடிக்கை புதிது அல்ல.

வெள்ளைக்காரன் ஆட்சியில் ஐ.சி.எஸ். என்ற பெரிய உத்தியோகம் இருந்தது. 1855 முதல் அதற்குப் போட்டிப் பரீட்சை வைத்தார்கள். இந்தியரும் எழுதலாம். தடை கிடையாது!

பரீட்சை நடக்கும் இடம் மட்டும் லண்டன்.

கப்பல் ஏற வேண்டும். கடல் தாண்டினால் சாதியை விட்டு விலக்கிவிடுவார்கள் என்ற பயம் வேறு. 1863-ல்தான் முதல் இந்தியர் தேறினார். அவர் சத்யேந்திரநாத் தாகூர், கவி ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன். பெரும் செல்வர் வீட்டுப் பிள்ளை. இந்தியாவிலும் அந்தப் பரீட்சையை நடத்த 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அன்றைக்குக் கப்பல் கட்டணம். இன்றைக்குப் பயிற்சிக் கட்டணம்.

அலைந்த கோப்பு

தமிழ்நாடு 2020-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பு, நீட் எழுதி டாக்டர் படிப்பில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீதிபதி கலையரசன் தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்து, அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்றது. 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த ஆண்டே 300-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது.

நீட் எழுதாமல் யாரும் உள்ளே வரவில்லை. அவர்களும் எழுதித் தேறியவர்கள்தான். கல்லூரிக்குள் போன பிறகு எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே பரீட்சை. அதில் தேறாமல் யாரும் டாக்டர் ஆக முடியாது. 'தரம் கெட்டுவிடும்' என்று அஞ்சுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

காரைக்கால் புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்தது. அதனால் தமிழ்நாட்டுச் சட்டம் இங்கே செல்லாது. புதுச்சேரி அமைச்சரவையும் 2020-ல் 10 சதவீத ஒதுக்கீடு என்று தீர்மானம் போட்டது. ஆனால் புதுச்சேரி யூனியன் பிரதேசம் அல்லவா? கோப்பு டெல்லிக்குப் போயிற்று.

போனது போனதுதான்.

2023-ல் அமைச்சரவை மறுபடியும் முடிவு செய்தது. பிறகுதான் மத்திய சர்க்காரின் சம்மதம் வந்தது. நடுவில் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த மூன்று ஆண்டுகளில் பிளஸ்-2 முடித்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கோப்பு காத்திருக்கும். வயது காத்திருக்குமா?

அதே சமயம் இன்னொரு மாறுதலும் வந்தது. அதுவரை காரைக்கால் அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் இருந்தது. 2023-24 கல்வியாண்டு முதல் மத்தியப் பாடத்திட்டம் வந்தது. நீட் போன்ற பரீட்சைகளுக்கு அது உதவும் என்றார்கள். உதவலாம். ஆனால் தமிழில் படித்துவந்த பிள்ளை திடீரென்று இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்தால் எப்படி இருக்கும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

ஒரு வார்த்தையின் கதை

திறமை உள்ளவர்களே மேலே வர வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு இங்கிலீஷில் 'மெரிட்டாக்கிரசி' என்று பெயர். இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் மைக்கேல் யங் என்ற இங்கிலாந்துக்காரர். 1958-ல் அதைத் தலைப்பில் வைத்து ஒரு புத்தகம் எழுதினார்.

அது பாராட்டு அல்ல. கிண்டல்! 2034-ஆம் ஆண்டில் நடப்பதாக ஒரு கற்பனை.

அந்தக் காலத்தில் மூளையும் உழைப்பும் உள்ளவர்களே ஆளுகிறார்கள். எல்லாம் பரீட்சைப்படிதான். பழைய நாளில் பணக்காரனுக்கு மனத்தின் மூலையில் கொஞ்சம் கூச்சம் இருந்தது, 'அப்பன் சொத்து' என்று. இப்போது அது இல்லை. 'எல்லாம் என் தகுதி' என்று மார் தட்டுகிறான். பழைய நாளில் ஏழை, 'எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை' என்று சொல்லித் தேறிக்கொள்வான். இப்போது அதுவும் போயிற்று. 'நீ தோற்றாய், அதனால் கீழே இருக்கிறாய்' என்கிறார்கள். கடைசியில் கலகம் வெடிக்கிறது.

யங் எச்சரிக்கையாக எழுதியதை உலகம் நல்ல வார்த்தையாக எடுத்துக்கொண்டது. 2001-ல், 85 வயதில், அவரே வருத்தப்பட்டுப் பத்திரிகையில் எழுதினார்.

பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் பார்த்து வீட்டிலும் தெருவிலும் நாம் பேசும் பேச்சு அந்தப் புத்தகத்தில் வருவதைப் போலத்தானே இருக்கிறது?

ஒன்று முதல் பன்னிரண்டு வரை

ஒதுக்கீடு வந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா?

புதுச்சேரியில் 10 சதவீத இடம் கேட்க வேண்டுமானால் 1-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை போதும்.

ஒரு தகப்பன் ஆசைப்பட்டு, கடன் வாங்கி, மகளைத் தனியார் பள்ளியில் சேர்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பில் கட்டணம் கட்ட முடியவில்லை. அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறான். கொரோனாக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் இப்படிச் செய்ய நேர்ந்தது. அந்தப் பெண் பிறகு ஒன்பது வருஷம் அரசுப் பள்ளியில் படித்து, நீட் எழுதி, நல்ல மார்க்கும் வாங்குகிறாள்.

அவளுக்கு அந்த 10 சதவீதத்தில் இடம் கேட்க முடியாது. காரைக்காலுக்குத் தெற்கே நாகூரில் அவள் குடும்பம் குடியிருந்து, அங்கேயே படித்திருந்தால் தமிழ்நாட்டின் ஒதுக்கீட்டில் கேட்டிருக்கலாம். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர்தான். பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.