இயந்திரம் வந்தது, தண்ணீர் ஏறவில்லை!

ஜொகூரில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திற்குச் சென்ற மாதம் நாம் போயிருந்தோம். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக் கொண்டதால் எழுதவில்லை. லயத்தின் கடைசி வீட்டில் ஓர் அம்மாள் நமக்குத் தேநீர் கலக்கக் குசினிக்குள் போனார். பின்னாலேயே நாமும் போனோம். மூலையில் வெள்ளை வெளேர் என்று ஒரு துணி துவைக்கும் இயந்திரம். முன்பக்கம் வட்டமான கண்ணாடிக் கதவு. மேலே அரிசி வாளி. உள்ளே துணி கிடக்கிறதோ என்று எட்டிப் பார்த்தால், வெங்காயம்!

“தீபாவளிக்கு வாங்குனது தம்பி. ரெண்டே ரெண்டு தடவைதான் ஒழுங்கா ஓடுச்சி. அப்புறம் தண்ணி ஏறாம சிவப்பு வெளக்கப் போட்டுக்கிட்டு நிக்குது. கடையில போயிக் கேட்டா, மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஒங்க வீட்டுத் தண்ணிதான் சரியில்லேங்கிறாங்க” என்றார் அந்த அம்மாள்.

இன்னும் 14 மாதத் தவணை பாக்கி. அம்மாள் இப்போதும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, குழாயடிக் கல்லில் துணியை அடித்துப் பிழிந்து போட்டுவிட்டுத்தான் பெரட்டுக்குப் போகிறார்.

கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. விற்பதற்கு முன் சொல்ல வேண்டியதை விற்ற பின் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

துணி துவைக்கும் இயந்திரம் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே என்று நாமும் வெகுகாலம் நினைத்திருந்தோம். விசாரித்துப் பார்த்தபோது விஷயம் வேறாக இருக்கிறது. ஒவ்வொரு நாட்டு இயந்திரமும் அந்த நாட்டு வீட்டுக்கும், தண்ணீருக்கும், மின்சாரத்துக்கும் தக்கபடி பிறந்தது. அதைத் தூக்கி நம் லயத்தில் வைத்தால் சில வேளை ஓடும். சில வேளை வெங்காயக் கூடை ஆகும்.

முதலில் அந்த அம்மாள் வீட்டில் இருக்கும் வகையைப் பார்ப்போம். முன்கதவு வைத்த இந்த இயந்திரம் ஐரோப்பிய வீடுகளுக்காக வளர்ந்தது. படுக்கை வாட்டத்தில் சுற்றும் உருளை, துணியைத் தூக்கித் தூக்கித் தண்ணீரில் போடும். கல்லில் அடிக்கிறோமே, ஏறக்குறைய அதே வேலை. அதனால் உருளை முழுக்கத் தண்ணீர் தேவையில்லை. ஒரு தடவைக்குச் சுமார் 50 லிட்டர் போதும். ஐரோப்பாவில் பல இடங்களில் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம்; சோப்பு நுரைக்காது. வெள்ளைத் துணியைக் கொதிக்க வைத்து வெளுக்கும் பழக்கமும் ஜெர்மனி போன்ற நாடுகளில் நெடுநாளாக இருந்தது. ஆகவே இயந்திரமே தண்ணீரைச் சூடாக்கும்படி உள்ளே மின்கம்பி வைத்தார்கள். 40 டிகிரி, 60 டிகிரி, 90 டிகிரி என்று திருகில் எழுதியிருப்பது அதற்குத்தான். குளிர்ந்த தண்ணீரைச் சூடாக்கி நிதானமாகத் துவைப்பதால் ஒரு சுற்று முடிய இரண்டு மணி நேரத்திற்கு மேலும் ஆகும். பிரிட்டனில் இதைக் குசினியில் வைப்பது வழக்கம். குளியலறையில் சாதாரண மின்சாரச் செருகி வைப்பதற்கு அங்கே கடுமையான விதிகள் உண்டு.

அமெரிக்காக்காரர் கதை வேறு. பெரிய வீடு; கீழ்த்தளத்திலோ பக்கத்து அறையிலோ தனியாக வெந்நீர்த் தொட்டி. அங்கே சுவர்ச் செருகியில் வரும் மின்சாரம் 120 வோல்ட். நமக்கு வருவதில் பாதிதான். அதை வைத்துத் தண்ணீரைச் சூடாக்கினால் நேரம் பிடிக்கும். அதனால் வெந்நீருக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒரு குழாய் என்று இரண்டைப் பூட்டிவிட்டார்கள். மேல்மூடி, நிமிர்ந்த தொட்டி, நடுவில் தூண் மாதிரி ஒரு கிளறி. 1922-இல் மேடாக் என்ற கம்பெனி அலுமினியத் தொட்டியின் அடியில் கிளறி வைத்த இயந்திரத்தைக் கொண்டு வந்தது. அதிலிருந்து அந்த முறை அங்கே ஊன்றிவிட்டது. அரை மணி, முக்கால் மணியில் வேலை முடிந்துவிடும். ஆனால் பழைய வகைகள் ஒரு தடவைக்கு 150 லிட்டர் வரை குடித்துவிடும். மூன்று பீப்பாய் நிரப்பி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் ஓட்டும் லயத்து வீட்டில் இது கட்டுமா?

வேடிக்கை என்னவென்றால், தானாகவே துவைத்து அலசும் முன்கதவு இயந்திரத்தை வீட்டு உபயோகத்துக்கு முதலில் விற்றதும் அமெரிக்கர்கள்தான். 1937-இல் பெண்டிக்ஸ் கம்பெனி கொண்டு வந்தது. ஓடும்போது ஆடும் ஆட்டத்தில் நகர்ந்து போகாதிருக்க அதைத் தரையோடு ஆணியடித்து முடுக்க வேண்டியிருந்தது! இன்னொன்று: அந்த நாட்டில் சில குடியிருப்புகளில் வெளியே கொடி கட்டித் துணி காயப் போடக் கூடாது என்று கட்டுப்பாடு. எனவே புளோரிடா போன்ற மாநிலங்களில், துணி காயப் போடும் உரிமைக்கென்றே சட்டம் இருக்கிறது. நம் லயத்துக் கொடிகளை அவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ!

ஜப்பானுக்கு வருவோம், நமக்கு மிக நெருக்கமான கதை இதுதான். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் மெர்தர் டிட்வில் என்று ஓர் ஊர். இரும்பாலையும் நிலக்கரிச் சுரங்கமுமாக வாழ்ந்த பாட்டாளிகளின் ஊர். 1948-இல் ஹூவர் கம்பெனி அங்கே ஒரு தொழிற்சாலை திறந்தது. அது செய்த சிறிய இயந்திரத்தில் தொட்டியின் பக்கவாட்டில் ஒரு சுழலும் தட்டு இருக்கும். அது தண்ணீரைச் சுழற்றும். தண்ணீர் துணியைச் சுழற்றும். ஜப்பானில் சான்யோ கம்பெனியைத் தொடங்கிய இயுவே தோஷியோ அந்த மாதிரியைப் பின்பற்றி 1953-இல் தம் இயந்திரத்தை விற்பனைக்கு விட்டார். விலை குறைவு; அளவு சிறிது; ஜப்பானியச் சிறு வீடுகளுக்குப் பொருந்தியது. பிரிட்டன் பிறகு முன்கதவுக்கு மாறிவிட்டது. அது கைவிட்ட முறை ஜப்பானில் வேர்விட்டது. ஒரு தொட்டியில் துவைத்து மறு தொட்டியில் பிழியும் இரட்டைத் தொட்டி இயந்திரமும் அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு பரவியது. இன்று நம் தோட்டங்களில் அதிகமாக ஓடிக் கொண்டிருப்பதும் அந்த வகைதான்.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்தான். எனவே பெரும்பாலும் பச்சைத் தண்ணீரிலேயே துவைக்கிறார்கள். வெந்நீர் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே குடும்பத்தார் உடம்பை வெளியிலேயே தேய்த்துக் கழுவிக் கொண்டு, பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்குவார்கள். ஒருவர் பின் ஒருவராக அதே தண்ணீரில் குளிப்பதும் உண்டு. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாமல், சிறு பம்பு வைத்த குழாயால் உறிஞ்சித் துவைக்க எடுத்துக் கொள்ளும் வசதி பல இயந்திரங்களில் உண்டு. அலசுவதற்கு மட்டும் நல்ல தண்ணீர். இதை நாம் சொன்னபோது அந்த அம்மாள், “நாங்களும் அரிசி கழுவுன தண்ணிய மாட்டுக்கு ஊத்துறோமே, அது மாதிரிதான்” என்றார்.

ஸ்வீடன் நாட்டில் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் வீட்டுக்கு ஓர் இயந்திரம் கிடையாது. கட்டடத்தின் கீழே பொதுச் சலவை அறை. பலகையில் தன் பூட்டையோ பெயரையோ வைத்து முன்கூட்டியே நேரம் பிடித்துக் கொள்ள வேண்டும். அடுத்தவர் நேரத்தில் துணியை எடுக்காமல் வைத்தால் சுவரில் காரமான சீட்டு ஒட்டுவார்களாம். நம் குழாயடிச் சண்டைக்கு எழுத்தில் ஒரு தங்கை!

இந்தியாவில் விற்கும் இயந்திரங்களில் சேலைக்கென்று மெதுவாகச் சுற்றும் ஏற்பாடு வைத்ததும், அடியில் எலி நுழையாமல் தடுப்பு வைத்ததும் கம்பெனிகள் வீடு வீடாகப் பார்த்துக் கற்றுக் கொண்ட பாடம். மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடுகிற வசதியும் அப்படியே. பிரேசிலில் பெண்கள் இயந்திரத்தின் அடியிலும் தரையைக் கழுவுவதைப் பார்த்த வேர்ல்பூல் கம்பெனி, 2003-இல் உயர்ந்த கால்கள் வைத்து ஓர் இயந்திரம் விட்டது. சீனாவில் சிச்சுவான் மாநிலத்து விவசாயிகள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை இயந்திரத்தில் போட்டுக் கழுவினார்கள். மண் அடைத்துக் கொண்டது. 1990-களில் புகார் வந்தபோது ஹாயர் கம்பெனி விவசாயியைத் திட்டவில்லை. கழிவுக் குழாயைப் பெரிதாக்கி, கிழங்கும் கழுவுகிற இயந்திரமே செய்து விற்றது. தோட்டத் தொழிலாளிக்காக யாராவது இப்படி ஓர் இயந்திரம் செய்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார்த்தோம். நமக்குத் தெரிந்து யாருமில்லை.

சரி, அம்மாள் வீட்டு இயந்திரத்துக்கு என்னதான் கேடு? தண்ணீர் உள்ளே வரும் வாயிலில் ஒரு மின்சார அடைப்பான் இருக்கிறது. அது திறக்கத் தண்ணீரின் அழுத்தமே உதவ வேண்டும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சொட்டும், அல்லது நின்றுவிடும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். அம்மாளின் மகன் கையேட்டைத் தேடி எடுத்து வந்தார். 0.05 எம்.பி.ஏ. என்றிருந்தது. அதாவது தண்ணீர்த் தொட்டி, இயந்திரத்துக்கு மேலே சுமார் 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தோட்டத்துத் தொட்டி மேட்டில்தான் இருக்கிறது. ஆனால் காலையிலும் மாலையிலும் எல்லா வீட்டுக் குழாயும் திறந்திருக்கும்போது கடைசி வீட்டுக்கு வருவது நூல் மாதிரி. இரவு பத்து மணிக்கு மேல் நன்றாக வருகிறதாம். அப்போது போட்டால் இரண்டரை மணி நேரம் ஓடி, நள்ளிரவு தாண்டி முடியும். நான்கு மணிக்கு எழ வேண்டியவர் துணி காயப் போட விழித்திருக்க முடியுமா?

தண்ணீர் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. கடைசி வீட்டுக்கு நூல் மாதிரி வருவது போதுமானதா என்று நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்கலாம். தொழிலாளர் இலாகாவிலும் கேட்கலாம்.

தவணைக்கு வாங்குகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியதும் உண்டு. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தமாக இருந்தால், கடைசித் தவணை கட்டும்வரை பொருள் நமக்குச் சொந்தமில்லை. ஓடவில்லையே என்று தாமானில் உள்ள சொந்தக்காரருக்கு விற்கவும் முடியாது. அம்மாள் அப்படித்தான் மாட்டிக் கொண்டிருக்கிறார். குழாய் அழுத்தம் குறைந்த வீட்டுக்கு இரட்டைத் தொட்டிதான் ஏற்றது என்பது நம் அபிப்பிராயம். வாளியால் ஊற்றினாலும் ஓடும். பவுடரும் சாதாரணமானதே போதும்; முன்கதவு இயந்திரத்தில் அதைப் போட்டால் நுரை பொங்கிக் கெடுக்கும். விலையும் குறைவு.

ஆனால் இரட்டைத் தொட்டியில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரே சோப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணி, பிறகு கலர், பிறகு வேலை உடுப்பு என்று மாற்றி மாற்றிப் போடுவது நம் சிக்கனம். மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர்களின் உடுப்பு அந்தத் தண்ணீரில் சேரவே கூடாது. பாரகுவாட் மருந்துக்கு 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை. அதற்காக மற்ற மருந்தெல்லாம் பன்னீர் ஆகிவிடாது. அந்த உடுப்பைக் கையுறை போட்டுத் தனியாக எடுத்து, வேலை முடிந்த அன்றே, தனியாகத் துவைக்க வேண்டும். வெந்நீர் நல்லது, இந்த ஒரு காரியத்தில் ஐரோப்பிய இயந்திரம்தான் கெட்டிக்காரன். இரண்டு தடவை அலசி, தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறும் இயந்திரத்தைச் சோப்புப் போட்டு ஒரு தடவை ஓட்டி, அதன் பிறகுதான் பிள்ளைகளின் பள்ளி உடுப்பைப் போடலாம். கலக்காத மருந்து கொட்டி நனைந்த துணியைத் துவைக்கவே வேண்டாம், எறிந்துவிடுங்கள். சில பெரிய தோட்டங்களில் இந்த உடுப்பைத் தோட்டத்திலேயே துவைக்க இடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் இல்லையென்றால் கேளுங்கள்.

ரப்பர் தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பால் பட்டுக் காய்ந்த துணியை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பவர்கள் அதை அப்படியே இயந்திரத்தில் போடாதீர்கள். எண்ணெய் ஆவி உள்ளே அடைபட்டு, ஒரு மின்பொறி போதும் தீப்பிடிக்க. பால் ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டால் இந்த வம்பே இல்லை.

நாம் புறப்படும்போது அம்மாளின் மகன், நீலப் பீப்பாயை எங்கே தூக்கி வைக்கலாம் என்று அளவுகோலோடு குளியலறைக் கூரைமேல் ஏறியிருந்தார். “மூணு மீட்டர்தான் வருதும்மா” என்று மேலிருந்து குரல் கொடுத்தார். அம்மாள் கண்ணாடிக் கதவைத் திறந்து மத்தியானக் குழம்புக்கு நாலு வெங்காயத்தை எடுத்துக்கொண்டே, “இன்னும் ரெண்டு மீட்டருக்கு எங்கடா போறது, எறங்கு கீழ, தகரம் உடஞ்சிறப் போவுது” என்றார்.