கப்பலில் இறங்கி செஞ்சிக் கோட்டைக்கு ஒருநாள் டிரைவ்: எவ்வளவு நேரம் வேணும், எந்த மலை ஏறலாம்?

2025 ஜூலையில் ஒரு வார இடைவெளியில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஜூலை 4-ம் தேதி கோர்டிலியா சொகுசுக் கப்பல் புதுச்சேரி கடலில் நங்கூரமிட்டது. பயணிகள் படகுகளில் கரைக்கு வந்து ஊர் சுற்றிப் பார்த்தார்கள். ஜூலை 11-ம் தேதி, பாரிஸில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 'மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் தேர்வான 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில் உள்ளவை. மிச்சம் ஒன்றுதான் நம்ம செஞ்சி.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். காலையில் கப்பலில் இருந்து இறங்கி, வாடகைக்கு ஒரு காரை எடுத்து, நாமே ஓட்டிக்கொண்டு செஞ்சிக்குப் போய்விட்டு, கப்பல் கிளம்புவதற்குள் திரும்ப முடியுமா?

முடியும். ஆனால் ராஜகிரி உச்சி வரை ஏறிவிட்டுத் திரும்ப முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில், கரையில் கால் வைக்கும் நேரத்தைப் பொறுத்தது.

ஏன் செஞ்சி?

புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். செல்ஃபி எடுக்கும் பலருக்கும் அவை எங்கிருந்து வந்தவை என்று தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் செஞ்சியில் இருந்து கொண்டுவரப்பட்ட தூண்கள் அவை. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தது. 1761-ல் ஆங்கிலேயர் கைக்குப் போகும் வரை கோட்டை அவர்களிடம்தான் இருந்தது.

ஆறும் இரண்டு ஊரையும் இணைக்கிறது. செஞ்சி மலைப்பகுதியில் உருவாகும் சங்கராபரணி, வீடூர் அணையைத் தாண்டி புதுச்சேரிக்கு வந்து கடலில் கலக்கிறது. செஞ்சி ஆறு என்றும் அதற்குப் பெயர் உண்டு. அதன் கிளையான அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் ரோமானியர்களுடன் வணிகம் நடந்த அரிக்கமேடு இருக்கிறது. ஆக, கடலில் இருந்து செஞ்சி நோக்கிப் போவது புதிய பயணம் ஒன்றும் இல்லை.

எவ்வளவு தூரம்?

புதுச்சேரியில் இருந்து திண்டிவனம் சுமார் 40 கி.மீ. அங்கிருந்து திருவண்ணாமலை சாலையில் செஞ்சி சுமார் 28 கி.மீ. மொத்தம் 70 கி.மீ-க்குள் முடிந்துவிடும். கோரிமேடு, மொரட்டாண்டி டோல்கேட், கிளியனூர், திண்டிவனம், செஞ்சி என்று வழி நேரானது. நகர நெரிசலையும் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

திண்டிவனம் வரை வழக்கமான நெடுஞ்சாலைதான். அதைத் தாண்டியதும் காட்சி மாறும். வயல்களுக்கு நடுவில், யாரோ பாறைகளை அள்ளிக் குவித்து வைத்ததுபோல குன்றுகள் வரத் தொடங்கும். செஞ்சி ஊரைத் தாண்டினால் நெடுஞ்சாலை கோட்டை மதிலை ஊடுருவிக்கொண்டு போகும். சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தெற்குப் பக்கம் சந்திரகிரி. இந்த மூன்று மலைகளையும் மதில்களால் இணைத்துக் கட்டியதுதான் செஞ்சிக் கோட்டை.

கப்பல் 9 மணி நேரம் நின்றால் கையில் எவ்வளவு மிஞ்சும்?

பலரும் சறுக்குவது இந்தக் கணக்கில்தான். புதுச்சேரி துறைமுகத்தில் ஆழம் குறைவு. பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. நடுக்கடலில் நிறுத்தி, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். ஏற, இறங்க இரண்டு முறையும் வரிசை உண்டு.

ஓர் உதாரணம். நீங்கள் காலை 8.30-க்குக் கரையில் இறங்குகிறீர்கள், மாலை 5.30-க்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்.

* மாலை 4.45: படகுத்துறை வரிசையில் நிற்க வேண்டும்.
* மாலை 4.15: காரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.
* பகல் 2.30: செஞ்சியை விட்டு கிளம்ப வேண்டிய கடைசி நேரம்.
* பகல் 1.45: பஞ்சர், டிராஃபிக் ஜாம் போன்றவற்றுக்கு 45 நிமிடம் ஒதுக்கினால், உண்மையில் கிளம்ப வேண்டிய நேரம்.

போகும்போது? 8.30-க்கு இறங்கி, 9 மணிக்குக் கார் சாவி கைக்கு வந்தால், 10.45-க்குக் கோட்டை வாசல். 10.45 முதல் 1.45 வரை மூன்று மணி நேரம். அதில் பார்க்கிங், டிக்கெட், சாப்பாடு என்று முக்கால் மணி நேரம் போனால், மிஞ்சுவது இரண்டேகால் மணி நேரம். கப்பல் 9 மணி நேரம் நின்றாலும் கோட்டைக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

அப்போ எந்த மலை?

ராஜகிரிதான் பெரியது. சுமார் 800 அடி உயரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏற ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். மேலே சுற்றிப் பார்த்து இறங்குவதையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் இல்லாமல் முடியாது. உச்சியை நெருங்கும்போது மலையே பிளந்ததுபோல ஒரு பள்ளம் வரும். ஒரு காலத்தில் அதன் மேல் இருந்த பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி உள்ளே வர வழியே கிடையாது. 1689-ல் ராய்கட் பக்கம் இருந்து தப்பி வந்த சத்ரபதி ராஜாராம், ஔரங்கசீப்பின் படைக்கு எதிராக 1698 வரை இங்கே தாக்குப்பிடித்ததை, அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். அதற்கு முன்பே, 1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைக் கைப்பற்றி பலப்படுத்தியிருந்தார்.

கிருஷ்ணகிரி சின்னது. சாலையை ஒட்டியே இருக்கிறது. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். மேலே தானியக் களஞ்சியங்கள், கோயில், குவிமாடத்தோடு கூடிய மண்டபம் எல்லாம் உண்டு. எதிரே ராஜகிரி முழுசாகத் தெரியும். ராஜகிரியை முழுசாகப் படம் எடுக்க ராஜகிரி மேல் இருந்து முடியாது, கிருஷ்ணகிரியில் இருந்துதான் முடியும்.

அடிவாரத்திலும் பார்க்க நிறைய இருக்கிறது. பல அடுக்குக் கோபுரமாக எழும் கல்யாண மகால், களஞ்சியங்கள், யானைக்குளம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி எல்லாம் சமதளத்தில் உள்ளவை. தேசிங்கு ராஜா கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மசூதியின் பெயர் ஒரு நொடி நிறுத்தும். 1714-ல் தேசிங்கு என்கிற தேஜ்சிங் போரில் இறந்தது இந்த ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துத்தான்.

மேலே சொன்ன உதாரணக் கணக்குப்படி, கடிகாரத்தைப் பார்த்து இப்படி முடிவெடுக்கலாம்.

* 9.30-க்குள் கோட்டை வாசலில் நின்றால்: ராஜகிரி.
* 10.45 வாக்கில் வந்தால்: கிருஷ்ணகிரியும் ராஜகிரி அடிவாரமும்.
* 12 மணி தாண்டிவிட்டால்: அடிவாரம் மட்டும். உச்சி வெயிலில் படி ஏற வேண்டாம்.

இறங்கும் நேரம், ஏறும் நேரம் மாறினால் இந்த நேரங்களையும் அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள். ராஜகிரியில் பகலில் ஒரு நேரத்துக்கு மேல் யாரையும் ஏற விடமாட்டார்கள். அது எத்தனை மணி என்பதை இந்தியத் தொல்லியல் துறையின் டிக்கெட் கவுன்ட்டரிலேயே கேட்டுவிட்டு ஏறத் தொடங்குங்கள்.

வண்டி எடுக்கும்போது என்ன பார்க்கணும்?

முதலில் நம்பர் பிளேட். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு விடுவது விதிமீறல். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதில் சிக்கல் வரும். கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது என்று இதில் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள்.

அடுத்து, பர்மிட். நகரை விட்டு வெளியேறிய கொஞ்ச நேரத்திலேயே தமிழ்நாடு வந்துவிடும். வாடகை வண்டி என்பதால் தமிழ்நாட்டுக்குள் ஓட்ட அனுமதி இருக்கிறதா என்று கேட்டு, அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தங்கள் நாட்டு லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

காரை எங்கே ஒப்படைப்பது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். துறைமுகம் பக்கத்திலேயே எடுத்துக்கொள்வார்கள் என்றால் அரை மணி நேரம் மிச்சம்.

பஞ்சாங்கத்தையும் பாருங்கள்

கப்பல் அட்டவணையில் இல்லாத ஒரு விஷயம் இது. செஞ்சி வழியாகப் போகும் சாலைதான் திருவண்ணாமலைக்கும் போகிறது. பௌர்ணமி என்றால் கிரிவலத்துக்குப் போகும் பேருந்துகளும் கார்களும் இந்தச் சாலையில் குவியும். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் செஞ்சியைத் தாண்டித்தான் போகும். கார்த்திகை தீபம் சமயத்தில் கேட்கவே வேண்டாம். கப்பல் வரும் தேதி இந்த நாள்களில் விழுந்தால், செஞ்சியை மறந்துவிடுவது நல்லது.

அறுவடைக் காலத்தில் இன்னொன்றும் உண்டு. செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டைகளோடு டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டும். அந்த நாள்களில் ஊருக்குள் வண்டி ஊர்ந்துதான் போகும். திண்டிவனத்தில் வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் சென்னை வண்டிகளின் நெரிசல் இருக்கும்.

மழைக்காலத்தில் இரட்டைச் சிக்கல். படிகள் வழுக்கும். கடல் கொந்தளித்தால் படகில் ஆட்களை இறக்குவதே நின்றுபோகலாம். காருக்கு முன்பணம் கட்டும்போது, கப்பல் ஆட்களை இறக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

கையில் என்ன வேணும்?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, நல்ல பிடிமானம் உள்ள ஷூ. மலை மேல் கடை கிடையாது. குரங்குகள் அதிகம், சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட்டால் போச்சு. எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். கப்பல் அட்டை, அடையாள அட்டை இரண்டும் காரில் அல்ல, உடம்போடு இருக்க வேண்டும்.

தாமதமாக இறக்கினால்?

படகு 11 மணிக்குத்தான் கிடைத்தது என்றால் செஞ்சி வேண்டாம். அதில் பாதித் தூரத்துக்குள், மயிலம் சாலைப் பக்கம் திருவக்கரை இருக்கிறது. இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகக் கிடக்கும் தேசியக் கல்மரப் பூங்கா அங்கேதான். பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயில். இரண்டையும் பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பலாம்.

சென்னையில் இறங்கினால்?

சென்னைத் துறைமுகத்தில் இருந்து செஞ்சி சுமார் 160 கி.மீ. பரனூர், ஆத்தூர் டோல்கேட்டுகள், தாம்பரம் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் போக மட்டும் மூன்றரை மணி நேரம். இரவும் கப்பல் அங்கேயே நின்றால் யோசிக்கலாம். பகல் மட்டும்தான் என்றால், சுமார் 60 கி.மீ-ல் மாமல்லபுரம் இருக்கிறது. 1984-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர் அது.

கப்பலை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

கப்பல் நிறுவனம் நடத்தும் டூர் பேருந்து தாமதமானால் பொதுவாக அதற்காகக் காத்திருப்பார்கள். தனியாகக் கார் எடுத்துப் போனவருக்காகக் கப்பல் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். அடுத்த நிறுத்தம் சென்னை என்றால் பரவாயில்லை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கி.மீ. ஓட்டிப் பிடித்துவிடலாம். விசாகப்பட்டினம் என்றால் ரயிலோ விமானமோதான்.

அதனால் கிளம்பும் முன்பே கப்பலின் உதவி எண்ணை மொபைலில் பதிந்துகொள்ளுங்கள். பகல் 1.45-க்கு ஒரு அலாரம் வையுங்கள். அது அடிக்கும்போது ராஜகிரிப் படியில் பாதி தூரத்தில் இருந்தாலும், இறங்கிவிடுங்கள்.