கரைமேட்டுக் காலம் – 11: அப்பாயி கணக்கு

போன வாரம் எங்கள் கமலைக் கிணறு தூர்ந்து, ஆழ்குழாய் வந்ததோடு நிறுத்தியிருந்தேன். அந்த வருஷம் விளைச்சலே இல்லை என்கிறீர்கள், குழாய் இறக்கப் பணம் ஏது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மொய்ப் பணம்தான்.

மற்ற ஊர்களில் ஆடியில் நல்ல காரியம் வைக்கமாட்டார்கள். எங்கள் பக்கம் அதுவே தோதான மாதம். கீரமங்கலம், வடகாடு, மாங்காடு, அணவயல், கொத்தமங்கலம், குளமங்கலம், கிழக்கே தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி வரைக்கும் ஆடியும் ஆவணியும் மொய் விருந்துக் காலம். கல்யாணமோ காதுகுத்தோ இருந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. கிடா வெட்டிச் சோறு போட்டால் சனம் வரும், சாப்பிடும், மொய் எழுதிவிட்டுப் போகும். வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. நமக்குச் செய்தவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பிவிட்டு, மேலே கொஞ்சம் புது மொய்யும் போட்டுவர வேண்டும். புது மொய் போடவில்லை என்றால் கணக்கை முடித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். ஒரு வீட்டுக்கு முறை திரும்பி வர ஐந்து வருஷம் ஆகும். கிணறு வெட்டியது, தென்னம்பிள்ளை வைத்தது, பையனை சிங்கப்பூருக்கு அனுப்பியது எல்லாம் இதில்தான்.

எங்கள் வீட்டு விருந்தன்று எனக்கு எட்டு வயது. பந்தல் முகப்பில் பெஞ்சு போட்டு, மொய் எழுதுவதில் பேர்போன மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பணம் போட எவர்சில்வர் அண்டா. ஊர், தெரு, தகப்பன் பெயர், பெயர், தொகை என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். அந்தச் சத்தத்தில்தான் என் சொந்தக்காரர்கள் யார் யார் என்று நான் கற்றுக்கொண்டேன். நோட்டை அப்பா பத்திரங்களோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். திருப்பிச் செய்த பெயர்மேல் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது ஓடு பறக்கப் பறக்க அவர் கட்டிலுக்கடியில் தள்ளிய முதல் பொருள் அந்தப் பெட்டி. விடிந்து பார்த்தால் தோப்பில் தென்னை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தாத்தா வைத்த பலாவும் வேரோடு. அடுத்த ஆடியில் பந்தல்கள் குறைந்துபோயின. கொடுக்க வேண்டியவர் கையிலும் இல்லை, வாங்க வேண்டியவருக்குக் கேட்கவும் மனமில்லை.

இப்போது மறுபடி நடக்கிறது. சாலை நெடுக பிளக்ஸ், பல வீட்டார் சேர்ந்து ஒரே பந்தல், பணம் எண்ண இயந்திரம், எழுதக் கம்ப்யூட்டர். வசூல் கோடியைத் தொட்டது என்று பத்திரிகையில் செய்தி வருகிறது. இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழுக்கடனுக்கும் கந்துவட்டிக்கும் நடுவே வட்டியில்லாத பணம் கிடைக்கிற வழி இது ஒன்றுதான். ஆனால் ஊரையும் தகப்பன் பெயரையும் வாய்விட்டுச் சொல்லும் அந்தக் குரல் இல்லை. ரசீதுதான் வருகிறது.

இன்னொரு கணக்கு இருந்தது. அதை எந்த நோட்டிலும் ஏற்றவில்லை. பெண்கள் கொண்டுவரும் அரிசி, தேங்காய், உளுந்து எல்லாம் அடுப்படி வழியாக வரும். மாமாவின் நோட்டில் ஆம்பிளை பெயர் மட்டும்தான். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “மாங்காட்டுக்காரி ஒரு படி உளுந்து கொண்டாந்தா, அவ மக சமைஞ்சா ரெண்டு படியாச் செய்யணும்” என்று வருஷக்கணக்கில் தலைக்குள் வைத்திருப்பாள். இந்த நினைப்பைத்தான் நான் இப்போது தேடுகிறேன்.

அந்தக் கணக்கில் பாக்கி ஒன்று உண்டு. எங்கள் கொல்லையில் கடலை பறிக்க வந்துகொண்டிருந்த ஒருவர், விருந்தன்று பந்தலுக்கு வரவில்லை, வர முடியாது. கொல்லைப்புறமாக வந்து, துண்டில் முடிந்திருந்த ரெண்டு படி கடலையைப் படியில் வைத்தார். அவருடைய தூக்குவாளியில் கறிக்குழம்பு ஊற்றியவன் நான். கை படாமல் உயரத் தூக்கி ஊற்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே அப்படித்தான் ஊற்றினேன். கடலையை அப்பா நோட்டில் ஏற்றவில்லை. அவர் வீட்டில் எத்தனையோ விசேஷம் நடந்தது, நாங்கள் ஒன்றுக்கும் போகவில்லை. படுக்கையில் விழுந்த பிறகும் அப்பாயி சொல்லிக்கொண்டே இருந்தாள்: “அவனுக்கு நாம செய்யலடா.”

ஊர் நினைப்பில் நான் உருகும்போதெல்லாம் அந்தத் தூக்குவாளி வந்து நிற்கிறது.

போன ஆடியில் தேடிப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. அவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் திருப்பூரில் பனியன் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க எந்த வீடுங்க?”

அப்பா பெயரைச் சொன்னேன்.

“கமலக்கெணத்து வீடுங்களா?” என்றவர், தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலை விட்டு எழுந்து நின்றார்.