தனி ட்ராக்கிலிருந்து கதைக்குள்

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலேயே ஒரு தமிழ்ப் படத்துக்குள் இரண்டு படங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ஒன்று நாயகனின் கதை. மற்றொன்று கலைவாணரும் டி.ஏ. மதுரமும் தாங்களே அமைத்துக்கொண்ட நகைச்சுவைப் பகுதி. கதை எந்தப் பக்கம் போனாலும் இவர்கள் வருவார்கள், சிரிக்கவைப்பார்கள், போய்விடுவார்கள். கோடம்பாக்கம் இதைக் 'காமெடி ட்ராக்' என்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் சிரிப்பு அந்த ட்ராக்கில்தான் ஓடியது.

அதன் உச்சம் கவுண்டமணியும் செந்திலும். அவர்களுக்குப் பல படங்களில் ட்ராக் எழுதியவர் ஏ. வீரப்பன். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியும் அவர் கைவண்ணமே. ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னால் வந்து சேர்வது ஒன்று. இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு ஒரே பதில், ஒவ்வொரு முறையும் அதே அப்பாவி முகத்தோடு. செந்திலின் குரல் ஏறாது, கவுண்டமணியின் குரல் இறங்காது. அந்தப் படத்தில் யார் யாரைக் காதலிக்கிறார் என்றே தெரியாதவர்கூட இதற்குச் சிரித்துவிடுவார்.

கழற்றி எடுத்துக்கொண்டு போக முடிந்ததுதான் ட்ராக்கின் பலம். ஆதித்யா, சிரிப்பொலி என்று நாள் முழுக்க நகைச்சுவைக் காட்சிகளையே ஓட்டும் தொலைக்காட்சிகள் வந்ததும் அதனால்தான். மீம் போடும் இன்றைய பிள்ளைகள் வடிவேலுவின் முகத்தைத் தேடுவதும் அதனால்தான். 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் அவர் நடித்த கான்ட்ராக்டர் நேசமணிக்காக 2019-இல் உலகமே ட்விட்டரில் பிரார்த்தனை செய்தது. 'வின்னர்' (2003) படத்தின் வருத்தப்படாத வாலிபர் சங்கம், பத்து வருடம் கழித்து இன்னொரு படத்துக்குத் தலைப்பானது.

இன்று அந்த ட்ராக் ஏறக்குறைய இல்லை. 2012, 2013 வாக்கில் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்', 'சூது கவ்வும்' வந்தபோதே மாற்றம் தெரிந்துவிட்டது. அவற்றில் நகைச்சுவை நடிகர் என்று தனியாக யாரும் இல்லை. கதையில் இருப்பவர்கள் சிக்கலில் மாட்டுகிறார்கள், நாம் சிரிக்கிறோம். நெல்சனின் 'டாக்டர்' (2021) மெட்ரோ ரயில் சண்டையில் சிவகார்த்திகேயன் முகத்தில் ஓர் அசைவும் இராது. சுற்றியிருப்பவர்களின் பதற்றம்தான் சிரிப்பு. முதல் ஒரு மணி நேரம் அந்த ஆட்களோடு பழகியிராவிட்டால் அந்தக் காட்சியில் பாதிதான் கிடைக்கும்.

இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். மடோன் அஸ்வினின் 'மண்டேலா' (2021) அதற்கு ஒரு காரணம். சாதியால் இரண்டாகப் பிரிந்த ஊர், சரிபாதி ஓட்டு, மிச்சம் இருப்பது முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் ஒற்றை ஓட்டு. நேற்றுவரை வாசலில் நிற்கவைத்தவர்கள் இன்று வீடு தேடி வருகிறார்கள். யோகி பாபுவைப் பார்த்து நாம் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பிலும் அந்த அவமானம் கலந்தே இருக்கிறது. 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) இன்னொரு காரணம். இலங்கை நெருக்கடியிலிருந்து தப்பிக் கடல் தாண்டி வந்த குடும்பம், பேச்சில் அகப்பட்டுவிடுவோமோ என்று சென்னையில் பயந்து பயந்து பேசுகிறது. அந்தப் பயத்திலிருந்தே சிரிப்பும் வருகிறது, அன்பும் வருகிறது.

பழைய ட்ராக்கில் இந்தக் கரிசனம் எப்போதும் இருந்ததில்லை. நிறத்தை, பருமனை, வழுக்கையை, திக்குவாயைக் காட்டிச் சிரிக்கச் சொன்ன காட்சிகள் ஏராளம். மனைவியை அடிப்பதும் நகைச்சுவையாகத்தான் வந்தது. வீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்து அவற்றைப் பார்க்க முடியவில்லை. அவை போனது நல்லது. ஆனால் யோகி பாபுவின் தலைமுடியை வைத்து இன்றும் வசனம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சோம்பேறித்தனம்.

கதையோடு கலந்த நகைச்சுவை புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்த 'சபாபதி' (1941) அப்படித்தான் இருந்தது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) முழுநீள நகைச்சுவைதான். நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியில் கதவுச் சத்தம் முதல் எல்லாமே அவர் வாயிலிருந்து வரும்; ஆனால் சிரிப்பை ஏற்றுவது கேட்டுக்கொண்டிருக்கும் டி.எஸ். பாலையாவின் முகம். அந்தப் படத்தின் எழுத்தில் சித்ராலயா கோபுவுக்குப் பெரும் பங்கு உண்டு. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்தபிறகு நடப்பதும் கிரேசி மோகனின் பேனா செய்த வேலை. கோபுவும் மோகனும் மேடை நாடகத்திலிருந்து வந்தவர்கள். எந்தச் சொல்லுக்குக் கடைசி வரிசை சிரிக்கும், எந்த இடத்தில் நடிகர் நிறுத்த வேண்டும் என்பதைச் சபாவில் நேரில் பார்த்துக் கற்றவர்கள்.

என் வருத்தம் இங்கேதான். ட்ராக் போனதோடு, சிரிப்பை மட்டுமே யோசிக்கும் எழுத்தாளரும் போய்விட்டார். தொலைக்காட்சியும் யூடியூபும் நல்ல நடிகர்களைத் தருகின்றன. 'லொள்ளு சபா' தந்த சந்தானமே சாட்சி. ஆனால் படப்பிடிப்பில் அவர்கள் அங்கேயே எதையாவது சேர்த்துப் பேசிச் சமாளிக்கட்டும் என்று பல இயக்குநர்கள் விட்டுவிடுகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள், சிரிப்பு வருவதில்லை.

மக்கள் சிரிக்க மறந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். பல வருடம் பெட்டியில் கிடந்த சுந்தர். சி-யின் 'மதகஜராஜா' 2025 பொங்கலுக்கு வெளிவந்தது. சந்தானமும் மனோபாலாவும் வந்த காட்சிகளுக்குத் திரையரங்குகள் அதிர்ந்தன. குடும்பங்கள் தேடி வந்தது அந்தப் படத்தைத்தான்.

நெல்சன் இயக்கும் 'ஜெயிலர் 2' மேல் எனக்கிருக்கும் ஆவலும் சிரிப்புக்காகவே. முதல் பாகத்தில் (2023) ரஜினியும் யோகி பாபுவும் பேசிக்கொள்ளும் இடங்கள் துப்பாக்கிச் சத்தத்தைவிட நன்றாக ஞாபகம் இருக்கின்றன. தயாரிப்பாளர்களிடம் ஒரு ரசிகனாக நான் கேட்பது ஒன்றே. சண்டைக்கு மாஸ்டர் வைக்கிறீர்கள், நடனத்துக்கு மாஸ்டர் வைக்கிறீர்கள். சிரிப்புக்கும் ஒருவரை வையுங்கள். கதை எழுதும் முதல் நாளிலிருந்தே அவரை உட்காரவையுங்கள், சம்பளம் கொடுங்கள், டைட்டிலில் பெயர் போடுங்கள். வீரப்பனின் கூர்மையும் 'மண்டேலா'வின் கரிசனமும் ஒரே படத்தில் சேர அதுதான் வழி.