கூண்டுக்கு வரும் புதிய ஜோடி

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் திண்ணையில் பறவைக் கூண்டொன்று தொங்கக் காண்கிறோம். அதில் ஒரு ஜோடி 'லவ் பேர்ட்ஸ்' சேர்க்க வேண்டுமெனக் குழந்தைகள் கேட்பதும் இயல்பே. சென்ற ஆண்டு நாமும் அவ்வாறே ஒரு ஜோடி வாங்கி வந்து, அன்றைக்கே பழைய பறவைகளோடு விட்டோம். மறுநாட் காலையில், நம் மகள் வளர்த்த நீலநிறச் சிறுகிளியின் கால்விரலொன்றில் குருதி வடிந்துகொண்டிருந்தது. அப்பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதற்கண் பெயரைத் தெளிவோம். நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவன பெரும்பாலும் பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகளே. நம் மகளின் பறவையும் அவ்வினமே. மெய்யான லவ் பேர்டு ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் உரியது. அதில் 9 இனங்கள் உண்டு. வால் குட்டை; அலகு வலிது. தன் துணையிடம் காட்டும் அன்பினால் அப்பெயர் பெற்றதேயன்றி, அயற்பறவையிடமும் அன்பாயிருக்கும் என்று கொள்ளுதல் தவறு. பட்ஜெரிகரின் விரலைத் துண்டிக்கவும் அது வல்லது. ஆதலின் இரண்டுக்கும் தனித்தனிக் கூண்டு வேண்டும். கூண்டுகள் ஒட்டியிருத்தலும் ஆகாது. கம்பியைப் பற்றிய விரலை அப்புறமிருந்து கடித்துவிடும்.

அடுத்தது நோய். கிளிக்காய்ச்சல் என்பது நலமாய்த் தோன்றும் பறவையிடமிருந்தும் பரவும். உலர்ந்த எச்சத்தின் தூளைச் சுவாசிக்கும் மனிதரையும் பற்றும். எனவே புதிய ஜோடியை 30 நாளேனும் வேறு அறையில் வைத்தல் நன்று. நாள்தோறும் பழைய பறவைகளுக்கு முதலில் இரை வைத்துப் பின்னரே புதியவற்றிடம் செல்க. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக.

சட்டத்தையும் மறத்தலாகாது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டு லவ் பேர்டுகளில் ஃபிஷர் முதலிய இனங்களை வளர்ப்போர், 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி 'பரிவேஷ்' இணையத்தளத்தில் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும்.

நம் மகளின் பறவை பிழைத்தது. நகமொன்றை மட்டும் இழந்தது. இன்று நம் திண்ணையின் இரு கோடியிலும் இரு கூண்டுகள் தொங்குகின்றன. அவ்விரண்டாவது கூண்டை முன்னரே வாங்கியிருந்தால், அக்குழந்தை அன்று அழுதிராள். ஆதலின் அன்பர்களே, முதலில் கூண்டை வாங்குங்கள்; பிறகு பறவையை வாங்குங்கள்.