அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் உலைக்களம்

"அயோ" என்ற பெயரைக் கேட்டதும் "ஐயோ, இது என்ன புதுசா?" என்று கேட்காதீர்கள். வியாழன் கிரகத்தைச் சுற்றும் பெரிய நிலாக்கள் நான்கு. அயோ, யூரோப்பா, கானிமீட், காலிஸ்டோ. இவற்றில் வியாழனுக்கு மிக அருகில் சுற்றுவது அயோ. குறுக்களவு சுமார் 3,640 கிலோமீட்டர். கிட்டத்தட்ட நம்ம நிலா அளவுதான். ஆனால் அங்கே 400-க்கும் மேற்பட்ட எரிமலைகள் உயிரோடு இருக்கின்றன. சூரியக் குடும்பத்தில் இவ்வளவு எரிமலைச் சீற்றம் கொண்ட இடம் வேறு கிடையாது.

வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போதுகூட சுமார் 60 கோடி கிலோமீட்டர் தூரம் இருக்கும். சாதாரண டெலஸ்கோப்பில் அயோ வெறும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் எங்கே எரிகிறது, எத்தனை டிகிரியில் எரிகிறது, எவ்வளவு பரப்பில் எரிகிறது என்று பூமியில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறார்கள். எப்படி? அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. நமது மெஷர்மென்ட் லேபில் படித்ததே போதும்.

கொல்லன் பட்டறை சொல்லும் பாடம்

தர்மபுரி சந்தைப் பக்கம் இருக்கும் கொல்லன் பட்டறையில் நின்று பாருங்கள். உலையில் வைத்த இரும்பு முதலில் மங்கிய சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், கடைசியில் வெண்மை என்று நிறம் மாறும். கொல்லர் எந்தக் கருவியும் இல்லாமல் நிறத்தைப் பார்த்தே அடிக்கிற பதத்தைச் சொல்லிவிடுவார். அதே இரும்பை வெளியே எடுத்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். ஆனால் கிட்டே கையைக் கொண்டு போனால் தெரியும் சங்கதி! கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்று அதிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. அதுதான் அகச்சிவப்புக் கதிர், அதாவது இன்ஃப்ரா ரெட்.

இதற்கு வீன் விதி என்ற எளிய கணக்கு உண்டு. 2898 என்ற எண்ணைப் பொருளின் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், அது எந்த அலைநீளத்தில் அதிகமாக ஒளிரும் என்பது மைக்ரானில் வந்துவிடும். போட்டுப் பார்ப்போம். சூரியன் சுமார் 5,800 கெல்வின், விடை 0.5 மைக்ரான், கண்ணுக்குத் தெரியும் ஒளி. நமது உடம்பு 310 கெல்வின். விடை சுமார் 9.3 மைக்ரான். 1,500 கெல்வினில் உருகி ஓடும் பாறைக்குழம்பு. விடை சுமார் 1.9 மைக்ரான். அயோவின் சாதாரண நிலப்பரப்பு சுமார் 120 கெல்வின், பயங்கரக் குளிர். விடை 24 மைக்ரான்.

இன்னொரு விதியும் நமக்குத் தெரியும். ஸ்டீஃபன் போல்ட்ஸ்மன் விதி. வெளிவரும் வெப்பம் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். 1,500-ஐ 120-ஆல் வகுத்தால் 12.5. அதன் நான்காம் அடுக்கு 24,000-க்கும் மேல். அதாவது அயோவில் ஒரு சதுர மீட்டர் எரிமலைக்குழம்பு, குளிர்ந்த தரை 24,000 சதுர மீட்டர் சேர்ந்து விடும் வெப்பத்தைத் தனியாக விடுகிறது. ஊரே இருண்டு கிடக்கும்போது மலைமேல் ஏற்றிய ஒரு கார்த்திகை தீபம் தெரிகிற மாதிரி! அதனால்தான் சின்னப் புள்ளியாகத் தெரியும் நிலாவிலும் எரிமலை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பைரோமீட்டர் தீர்த்து வைத்த வழக்கு

1978 பிப்ரவரி 20-ல் அயோவை அகச்சிவப்பில் அளந்துகொண்டிருந்த விட்டபோர்ன் குழுவினர் ஒரு வினோதத்தைக் கண்டார்கள். 5 மைக்ரான் அருகே அயோ திடீரென்று 3 முதல் 5 மடங்கு பிரகாசமாகியிருந்தது. அடுத்த நாள் பார்த்தால் பழையபடி! எங்கோ ஒரு சிறு பகுதி சுமார் 600 கெல்வினுக்குச் சூடாகியிருந்தால்தான் இப்படி நடக்கும் என்று கணக்கு சொன்னது. அவ்வளவு குளிர்ந்த நிலாவில் அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது?

விடை 1979 மார்ச் மாதம் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. மார்ச் 2-ல் பீல், காசன், ரெய்னால்ட்ஸ் மூவரும் அயோவின் உட்புறம் உருகியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வளைத்தால் அந்த இடம் கையைச் சுடும் அல்லவா? அதே கதைதான். யூரோப்பாவும் கானிமீடும் ஒழுங்கான தாளத்தில் இழுப்பதால் அயோவின் பாதை முழு வட்டமாக முடியாமல் இருக்கிறது. அதனால் வியாழனின் ஈர்ப்பு அதை 42 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வீதம் பிசைந்துகொண்டே இருக்கிறது. கடல் அல்ல, கெட்டித் தரையே 100 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது! அந்த உராய்வுதான் உலைக்கு விறகு.

ஒரே வாரத்தில், மார்ச் 8-ல் வாயேஜர்-1 எடுத்த ஒரு படத்தை லிண்டா மொராபிட்டோ என்ற பொறியாளர் விண்கலத்தின் வழியைச் சரிபார்ப்பதற்காக ஆராய்ந்தார். நிலாவின் விளிம்பில் குடை விரித்தது போல் ஏதோ தெரிந்தது. பூமிக்கு வெளியே கண்டுபிடிக்கப்பட்ட முதல் உயிருள்ள எரிமலை அதுதான்.

சரி, அங்கே உருகி ஓடுவது என்ன? மஞ்சள் நிறத்தைப் பார்த்துவிட்டு "கந்தகம்தான்" என்றார்கள் பலர். "இல்லை, நம்ம ஊர் எரிமலை போலப் பாறைக்குழம்பு" என்றார்கள் சிலர். நேரில் போய் அள்ளிப் பார்க்க முடியுமா? இங்கேதான் நமது பாடம் வருகிறது. உருக்காலைகளில் இருவண்ண பைரோமீட்டர் என்று ஒன்று உண்டு. இரண்டு அலைநீளங்களில் ஒளியை அளந்து விகிதம் பார்த்தால், பொருளின் அளவு தெரியாமலே வெப்பநிலை வந்துவிடும். வெப்பநிலை தெரிந்துவிட்டால், மொத்தப் பிரகாசத்திலிருந்து பரப்பளவும் வந்துவிடும். 1986 ஆகஸ்டில் ஹவாய்த் தீவின் மவுனா கியா மலையிலிருந்து இதே முறையில் 4.8, 8.7, 20 மைக்ரான்களில் அயோவை அளந்தார்கள். ஒரு வெடிப்பு குறைந்தது 900 கெல்வின் என்று காட்டியது. கந்தகமோ சுமார் 718 கெல்வினிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆக, அது உருகிய பாறைதான்! ஒரு தெர்மாமீட்டர் கணக்கு பல வருட வழக்கைத் தீர்த்துவைத்தது.

நிழலும் கடிகாரமும்

இதில் ஒரு தொல்லை உண்டு. பகலில் விளக்கு எரிந்தால் தெரியுமா? அயோமேல் விழும் சூரிய ஒளியும் நமக்குத் திரும்பி வருகிறது. 2, 3 மைக்ரான் பக்கம் அந்த ஒளி எரிமலை வெளிச்சத்தை மறைத்துவிடும். என்ன செய்வது? இயற்கையே ஸ்விட்சை அணைத்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அயோ வியாழனின் நிழலுக்குள் புகுந்து சுமார் இரண்டு மணி நேரம் இருக்கும். அப்போது சூரிய ஒளி இல்லை. மிச்சம் தெரிவதெல்லாம் எரிமலைதான்.

எரிமலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்குக் கடிகாரம் போதும். அயோ விநாடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வியாழனின் பின்னால் போகும்போது அதன் முழு உருவமும் மறைய மூன்றரை நிமிடம் ஆகும். சூடான இடம் மறையும் அந்த நொடியில் ஒளியின் அளவு படிக்கட்டு மாதிரி சட்டென்று இறங்கும். எந்த நொடி என்று குறித்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடும்.

காற்றே இல்லாத இன்னொரு நிலா குறுக்கே போனால் விளிம்பு கத்தி போல் கூர்மையாக இருக்கும், அளவும் துல்லியமாக வரும். 2015 மார்ச் 8-ல் யூரோப்பா அயோவைக் கடந்தபோது, அரிசோனாவில் 8.4 மீட்டர் கண்ணாடிகள் இரண்டு கொண்ட தொலைநோக்கியால் லோகி என்ற எரிமலைக் குழியை இப்படித்தான் அளந்தார்கள். அதன் பரப்பு சுமார் 21,500 சதுர கிலோமீட்டர். நமது தர்மபுரி மாவட்டம் சுமார் 4,500 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய ஐந்து தர்மபுரி மாவட்டம் சேர்ந்த ஒரு நெருப்பு ஏரி! அதன் மேலே ஏடு படிகிறது. படிந்த ஏடு ஆறி, கனத்து, ஒரு பக்கமிருந்து மூழ்கிக்கொண்டே போக, புதுக்குழம்பு மேலே வருகிறது என்று அந்த அளவீடு காட்டியது.

நம் பக்கத்து மலையில்

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம்"னு சொல்றீங்களா? கொஞ்சம் இருங்கள். ஊத்தங்கரை, திருப்பத்தூர் தாண்டிப் போனால் ஜவ்வாது மலையில், ஆலங்காயம் அருகே காவலூர். வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். தொடங்கியபோது வட ஆர்க்காடு மாவட்டம், இன்று திருப்பத்தூர் மாவட்டம். 1972-ல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு ஜூன் 7-ல் வியாழனின் கானிமீட் நிலா ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்தும் அந்த மறைவை நொடி நொடியாகப் பதிவு செய்தார்கள். விண்மீன் சட்டென்று மறையாமல் கொஞ்சம் மங்கி மறைந்ததால், கானிமீடில் மெல்லிய காற்று மண்டலம் இருக்கலாம் என்று எழுதினார்கள். அந்தக் குழுவில் நமது ஜே.சி.பட்டாச்சார்யாவும் ஒருவர். 1979-ல் வாயேஜர் அளந்தபோது அந்தக் காற்று அவர்கள் கணித்ததைவிட மிக மிகச் சொற்பம் என்று தெரிந்தது. அறிவியல் இப்படித்தான் தன்னைத் திருத்திக்கொண்டே போகிறது.

1986 ஜனவரி 6-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டது. அதன் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில். இரும்பு உடலைச் செய்தது வால்சந்த்நகர் தொழிற்சாலை. 1991-ல் வியாழனின் நிலாக்கள் ஒன்றையொன்று மறைக்கும் காட்சிகள் நடந்தபோது காவலூரில் பதிவு செய்தார்கள். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆர்.வசுந்தரா அவற்றை ஆராய்ந்து 1994-ல் கட்டுரை வெளியிட்டார். நிலாக்கள் சரியாக எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால்தான் எரிமலை எங்கே என்று சொல்ல முடியும். கடிகார வேலை அவ்வளவு முக்கியம்!

அகச்சிவப்புக்கு மட்டும் காவலூர் அவ்வளவாகப் பொருந்தாது. சுமார் 725 மீட்டர் உயரம்தான். காற்றில் உள்ள நீராவி அகச்சிவப்பைக் குடித்துவிடும். அதனால்தான் லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியை வைத்தார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் செய்த டிர்ஸ்பெக் என்ற கருவி அங்கே 1 முதல் 2.5 மைக்ரான் வரை பார்க்கிறது. அதன் உணர்வியைத் திரவ நைட்ரஜனில் குளிர்விக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி தன் சூட்டையே தான் பார்த்துக்கொண்டிருக்கும்! அந்தத் தொலைநோக்கியை இயக்குவதோ ஓசூரைத் தாண்டிய ஹொசகோட்டையிலிருந்து, செயற்கைக்கோள் வழியாக.

இன்னும் முடியாத கதை

2023 டிசம்பர் 30-லும் 2024 பிப்ரவரி 3-லும் ஜூனோ விண்கலம் அயோவுக்கு 1,500 கிலோமீட்டர் வரை நெருங்கியது. அதில் கிடைத்த ஈர்ப்பு அளவீடுகளை வைத்து, தரைக்குக் கீழே உலகம் முழுக்க ஒரே குழம்புக் கடல் இல்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். அப்படியானால் ஒவ்வொரு எரிமலைக்கும் தனித்தனி அடுப்பு. அதே மாதம் 27-ஆம் தேதி ஜூனோவின் அகச்சிவப்புக் கருவி தென்பாதியில் சுமார் 1 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு சூடான பகுதியைக் கண்டது. நம்ம தமிழ்நாட்டில் முக்கால் பங்கு!

நண்பர்களே, "டிப்ளமோதானே, நமக்கு எதுக்கு வானவியல்?" என்று கேன்டீனில் ஒரு குரல் எப்போதும் கேட்கும். நான் சொல்வது இதுதான். இந்தக் கட்டுரையில் வந்தவை எல்லாம் என்ன? பைரோமீட்டர், குளிர்விப்பு, கண்ணாடி மெருகு, பற்றவைத்த இரும்பு, துல்லியமான கடிகாரம். எல்லாம் நமது பாடத்திட்டத்தில் உள்ளவை, நமது பட்டறையில் உள்ளவை. கண்டுபிடிப்பவரின் பெயர் பத்திரிகையில் வரலாம். அந்தக் கருவியின் ஒரு போல்ட்டு தளர்ந்திருந்தாலும் கண்டுபிடிப்பு வராது. ரெக்கார்டு நோட்டில் "பார்த்து எழுதும்" ரீடிங்கை ஒருநாள் நாமே எடுத்து எழுதிப் பார்ப்போம்.

வியாழனின் நிலாக்கள் ஒன்றையொன்று மறைக்கும் பருவம் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1991, 1997, 2003, 2009, 2015, 2021 என்று வந்தது, அடுத்தது 2026-27. ஒரு நல்ல பைனாகுலரை ஸ்டாண்டில் கட்டினாலே நான்கு நிலாக்களும் தெரியும். சின்னத் தொலைநோக்கியும் சரியான கடிகாரமும் இருந்தால் மறையும் நேரத்தைக் குறிக்கலாம். நமது மன்றம் ஒரு இரவு ஹாஸ்டல் மொட்டை மாடியைக் கேட்டு வாங்கட்டும். கடிகாரமும் நோட்டும் நான் கொண்டு வருகிறேன். நீங்கள் வருவீர்களா?

- மூன்றாம் ஆண்டு மாணவன், கருவியியல் பிரிவு