ஒரு பிடி சோடா செய்யும் வேலை

சாயத்தொட்டியில் ஒரு பிடி சலவைச் சோடாவைப் போட்டவுடன் நீரின் குணமே மாறிவிடுவதை நெசவாளர்கள் அறிவர். அஃது ஏன் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. இம்மூலக்கூறுகள் ஓயாது மோதிக்கொண்டிருக்கின்றன. எப்போதேனும் ஒரு ஹைட்ரஜன், தன் எலக்ட்ரானை விட்டுவிட்டு, அடுத்த மூலக்கூற்றின்மேல் தாவிவிடுகிறது. தாவியது நேர்மின்னேற்றமுடைய ஹைட்ரஜன் அயனி. பின்தங்கியது எதிர்மின்னேற்றமுடைய ஹைட்ராக்சில் அயனி. விரைவில் அவை மீண்டும் கூடிவிடும். 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலுள்ள தூய நீரில் சுமார் 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்றே இவ்வாறு பிரிந்து நிற்கும். இத்துணைச் சொற்பமானதைப் பற்றிப் பேசுவானேன் என்று தோன்றலாம்.

இவ்விருவகை அயனிகளின் செறிவுகளையும் பெருக்கி வரும் தொகை, வெப்பம் மாறாதவரை மாறுவதில்லை. ஒன்று பத்து மடங்கானால் மற்றது பத்தில் ஒன்றாகக் குறைந்தே தீரும். டென்மார்க் நாட்டு அறிஞர் ஸோரன்ஸன் 1909-இல் வகுத்த பி.எச். அளவு, ஹைட்ரஜன் அயனியின் செறிவைக் குறிப்பது. 7 நடுநிலை; அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். ஓர் எண் நகர்ந்தால் பத்து மடங்கு மாறுதல்.

சோடாவிலுள்ள கார்பனேட், நீரிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ராக்சிலை விட்டுவிடுகிறது. தொட்டியின் பி.எச். 7-இலிருந்து 11-க்கு ஏறினால், ஹைட்ராக்சில் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு பெருகியது என்று பொருள். ரியாக்டிவ் சாயம் பருத்தி நூலோடு பிணைய இக்காரம் இன்றியமையாதது. ஆனால் அதே ஹைட்ராக்சில் சாயத்தையும் தாக்கும். தாக்குண்ட சாயம் நூலோடு பிணையும் சக்தியை இழந்து, வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். சேலை வாங்கியவர் வீட்டில் முதற்சலவையிலே அது கழன்றால், பழி நெய்தவர்மேல் விழும்! ஆதலால் சாயம் நூலினுள் நன்கு பரவிய பின்னரே சோடாவைச் சேர்க்க வேண்டும். சோடா கலந்த சாயத்தை மறுநாளுக்கென்று வைத்திருப்பது வீண் செலவு. தோய்த்த நூலைக் கொதிநீரில் சவர்க்காரமிட்டு அலசுவதை எக்காரணத்தாலும் விடலாகாது.

களர் நிலத்திலும் சோடியம் கார்பனேட் இதே வேலையைச் செய்கிறது. மண்ணின் பி.எச். 8.5-க்கு மேல் ஏறினால், இரும்பும் துத்தநாகமும் எளிதிற் கரையா. அவை மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டுவதில்லை. ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம், கார்பனேட்டைச் சுண்ணமாகப் படியவைக்கும். மண்ணைப் பற்றிய சோடியத்தையும் பெயர்க்கும். பெயர்ந்த சோடியத்தை நீர் பாய்ச்சி வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சத்தை மட்டும் கொட்டுவதிற் பயனில்லை.